தலைக்குப் பத்து ரூபாய்

1752-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு நாள். லாகூர் நகரத்துக்கு வெளியே ஆப்கானியர் அடித்திருந்த பாசறைக்குள் ஒரு மனிதன் நுழைந்தான். நான்கு மாத முற்றுகைக்குப் பிறகு தோற்றுப் போனவன் அவன். பெயர் முயீன்-உல்-முல்க். ஜனங்கள் வாயில் மீர் மன்னு. மொகலாயச் சக்கரவர்த்தியின் பேரால் பஞ்சாபை ஆண்டு வந்த லாகூர் சுபேதார் அவன்தான்.

உள்ளே உட்கார்ந்திருந்தவன் அகமத்ஷா அப்தாலி. அந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. அக்காலத்துச் சரித்திரக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கதை என்றால் வெல்லக்கட்டி. தான் அவன் கையில் அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பான் என்று அப்தாலி கேட்டானாம். தலையை வெட்டி டில்லியில் உள்ள தன் எஜமானுக்கு அனுப்பியிருப்பதாக மன்னு சொன்னானாம். சரி, இப்போது அகப்பட்டுக் கொண்டவன் நீ, உன்னை என்ன செய்யலாம் என்பது அடுத்த கேள்வி. அதற்கு மன்னு சொன்ன பதிலைத்தான் பஞ்சாப் சரித்திரம் எழுதிய ஒவ்வொருவரும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். எதிரே இருப்பவர் வியாபாரியானால் தன்னை விலைக்கு விற்கலாம், கசாப்புக்காரரானால் அறுக்கலாம், அரசரானால் மன்னிக்கலாம் என்றான் அவன்.

அப்தாலி அவனைத் தழுவிக்கொண்டான். மகன் என்று அழைத்தான். பட்டம் சூட்டினான். அவன் ஆண்டுகொண்டிருந்த லாகூரையே அவனிடம் திருப்பிக் கொடுத்தான். ஆனால் இனிமேல் டில்லியின் பிரதிநிதியாக அல்ல, காபூலின் பிரதிநிதியாக.

நாடகக்காரராக இருந்தால் இந்த இடத்தில் திரையை இறக்கிவிடுவார். கைதட்டலும் கிடைக்கும். மன்னு அதற்குப் பிறகு இருபது மாதம் உயிரோடு இருந்தான். எதிரியின் முகத்துக்கு நேரே மூன்று வகை மனிதர்களைப் பிரித்துக் காட்டியவன், தன் கையில் அகப்பட்டவர்களுக்கு அந்த இருபது மாதத்தில் எந்த வகை மனிதனாக இருந்தான் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அகப்பட்டவர்கள் சீக்கியர்கள்.

இந்த வேலையை மன்னு தொடங்கி வைத்தான் என்று சொல்வது அவனுக்கு இழைக்கும் அநியாயம். லாகூர்க் கோட்டையில் அது இரண்டு தலைமுறையாக நடந்துவந்தது. 1699-இல் குரு கோவிந்த சிங் கால்ஸாவை அமைத்தார். 1708-இல் அவர் நாந்தேட்டில் காலமானார். அவருக்குப் பின் பந்தா பகதூர் குடியானவர்களைத் திரட்டிக்கொண்டு சர்ஹிந்தைப் பிடித்தார். 1715-இல் அவரை வளைத்துப் பிடித்து டில்லிக்கு அனுப்பியவன் லாகூர் சுபேதார் அப்துஸ் ஸமத் கான். அடுத்த வருஷம் டில்லியில் பந்தாவையும் அவருடன் பிடிபட்ட நூற்றுக்கணக்கானவர்களையும் கொன்றார்கள். அப்துஸ் ஸமத் கானுக்குப் பின் 1726-இல் அவன் மகன் ஜகாரியா கான் சுபேதார் ஆனான். அவனுக்குப் பின் அவன் மகன் யாஹ்யா கான். யாஹ்யா கானின் மாமனார் கமருதீன் கான், டில்லியில் பிரதம மந்திரி. அந்தக் கமருதீனுடைய பிள்ளைதான் நம் மீர் மன்னு. நம் கிராமங்களில் மணியக்காரர் உத்தியோகம் ஒரே குடும்பத்தில் சுற்றிச் சுற்றி வருமே, அந்த மாதிரி சீக்கியரை அடக்கும் உத்தியோகமும் ஒரே உறவுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது.

ஜகாரியா கான் கெட்டிக்காரன். சீக்கியன் தலைக்கு வெகுமதி வைத்துப் பார்த்தான். பலிக்கவில்லை. 1733-இல் திடீரென்று வழியை மாற்றிக்கொண்டு, அவர்களில் ஒருவரான கபூர் சிங்குக்கு நவாப் பட்டமும் ஜாகீரும் கொடுத்து ராசியாகிவிடப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அதுவும் முறிந்தது. மறுபடியும் வெகுமதி, மறுபடியும் வேட்டை. யாஹ்யா கான் காலத்தில், 1746-இல், அவனுடைய திவான் லக்பத் ராய் படையுடன் கிளம்பி, ஆற்றங்கரைக் காடுகளில் சீக்கியர்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தான். சீக்கியர்கள் அதைச் சின்னப் படுகொலை என்று பெயரிட்டு நினைவில் வைத்திருக்கிறார்கள். லக்பத் ராய் ஹிந்து. அவன் தம்பி சீக்கியருடன் நடந்த ஒரு கைகலப்பில் செத்துப்போனான், அந்த ஆத்திரம். முஸ்லிம் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துக்கொண்டு இந்தக் கதையைப் படிக்க உட்காருகிறவர்கள் லக்பத் ராயைத் தாண்டியாக வேண்டும். சற்று நேரத்தில் வரப்போகும் இன்னொரு திவானையும் தாண்டியாக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் சீக்கியர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஊர்களில் இருக்க முடியாது. சிவாலிக் மலைச் சரிவுகளிலும், புதர்க் காடுகளிலும், தெற்கே மால்வாவின் மணல் வெளியிலும் குதிரையின் முதுகே வீடாகத் திரிந்தார்கள். தங்களுக்குள் ஒரு பரிபாஷையே வைத்துக்கொண்டார்கள். வறுத்த கடலைக்குப் பெயர் பாதாம் பருப்பு. வெங்காயத்துக்குப் பெயர் வெள்ளி. ஒரே ஒரு ஆள் வருகிறான் என்றால் ஒன்றேகால் லட்சம் பேர் வருகிறார்கள் என்று சொல்ல வேண்டும். கையில் கடலையைத் தவிர ஒன்றுமில்லாதவன் அதைப் பாதாம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தின்றால், அவனை எந்த சுபேதார் என்ன செய்துவிட முடியும்? லாகூர் கச்சேரியில் யாருக்கும் இது விளங்கவில்லை.

மீர் மன்னுவின் பெயர் முதன்முதலில் அடிபட்டது போர்க்களத்தில். 1748 மார்ச் 11-ஆம் தேதி, சர்ஹிந்துக்கு அருகே மானுப்பூரில், முதல் தடவையாகப் பெரும் படையுடன் ஹிந்துஸ்தானத்துக்குள் வந்த அப்தாலியை மொகலாயப் படை எதிர்த்தது. கமருதீன் கான் கூடாரத்தில் தொழுகையில் இருந்தபோது பீரங்கிக் குண்டு பாய்ந்து விழுந்தார். தகப்பனார் இறந்த செய்தி பரவினால் சேனை சிதறிவிடும். மன்னு அதை மறைத்துக்கொண்டு களத்துக்குப் போனான். அன்றைக்கு அப்தாலியின் பக்கத்தில் இருந்த ராக்கெட் வாணங்கள் தீப்பிடித்து அவனுடைய ஆட்களையே எரித்தன என்பது உண்மைதான். அதற்காக மன்னுவின் வீரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்தாலி திரும்பிப் போனான். மன்னுவுக்கு லாகூர் சுபா கிடைத்தது.

கிடைத்த சுபா எப்படிப்பட்டது தெரியுமா? நாதிர்ஷா ஒரு தடவை மிதித்துப் போன பூமி. ஜகாரியா கானின் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக் கலைத்த கஜானா. மேற்கே அப்தாலி எந்தக் குளிர்காலத்திலும் திரும்பி வரலாம். கிழக்கே டில்லியில் மன்னுவின் தகப்பனார் வகித்த பிரதம மந்திரி பதவி இப்போது ஸப்தர் ஜங் கையில். அவனுக்கு மன்னுவின் குடும்பத்தைக் கண்டாலே ஆகாது. உள்ளே, அதே வருஷம் வைகாசித் திருநாளில் அமிர்தசரஸில் கூடிய சீக்கியர்கள், சிதறிக் கிடந்த தங்கள் கூட்டங்களை ஒரே சேனையாக்கி ஜஸ்ஸா சிங் அலுவாலியாவின் தலைமையில் வைத்தார்கள். அங்கேயே மண்ணால் ஒரு கோட்டையும் கட்டினார்கள். அந்த நகரை நிறுவிய குரு ராமதாசரின் பெயரால் அதற்கு ராம் ரவுனி என்று பெயர்.

மன்னு அந்த மண்கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே சுமார் 500 பேர். ஜலந்தர்ப் பகுதியின் பௌஜ்தார் ஆதினா பேக்கும் படையுடன் வந்து சூழ்ந்திருந்தான். ஆதினா பேக்கிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஜஸ்ஸா சிங், தச்சர் குலத்தவர், தன் இனத்தார் உள்ளே பட்டினி கிடந்து சாவதைப் பார்த்துப் பொறுக்காமல் வேலையை விட்டுவிட்டுக் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டார். பிற்காலத்தில் ராம்கடியா என்று பெயர் பெற்றவர் அவர்தான்.

கோட்டை விழுந்திருக்கும். விழாமல் தடுத்தவர் திவான் கௌரா மல். நான் முன்னே சொன்ன இன்னொரு திவான் இவர். மன்னுவின் நம்பிக்கைக்குரிய மந்திரி. முடி வளர்க்காமல், வாள் ஏந்தாமல், குரு நானக்கின் வழியில் நம்பிக்கை வைத்திருந்த பக்தர். அப்தாலி திரும்பவும் சிந்து நதியைத் தாண்டிக்கொண்டிருக்கிறான், இந்த நேரத்தில் உள்ளூர்க்காரர்களைப் பகைத்துக்கொள்ளலாமா என்று எஜமானனுக்கு எடுத்துச் சொன்னார் அவர். முற்றுகை எடுபட்டது. சீக்கியர்களுக்கு ஜாகீர் கிடைத்தது. அவருடைய பெயரில் உள்ள கௌரா என்ற சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். சீக்கியர்கள் அதை மாற்றி மீட்டா மல், இனிப்பு மல், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த இரண்டு மூன்று வருஷத்தைப் பற்றி நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. டில்லியிலிருந்து உதவி வரவில்லை என்றதும், மன்னு அப்தாலிக்கு நான்கு ஜில்லாக்களின் வருமானத்தை, வருஷத்துக்குப் பதினான்கு லட்சம் ரூபாய், கொடுப்பதாக ஒப்புக்கொண்டு அவனைத் திருப்பி அனுப்பினான். டில்லியோ உதவி செய்யாமல் போனதோடு நிற்கவில்லை. மன்னுவின் கையை ஒடிக்க முல்தானுக்கு ஷா நவாஸ் கான் என்ற போட்டியாளனை நியமித்து அனுப்பியது. அவனை அடக்கப் போன கௌரா மல் யாரைப் படையாகச் சேர்த்துக்கொண்டு போனார் என்கிறீர்கள்? சீக்கியர்களை. ஒரு வருஷத்துக்கு முன் மண்கோட்டைக்குள் பட்டினி போடப்பட்டவர்கள், இப்போது தினக்கூலி வாங்கிக்கொண்டு அதே சுபேதாரின் கொடியின் கீழ் சண்டை போட்டு ஜயித்துக் கொடுத்தார்கள். கௌரா மல்லுக்கு மகாராஜா பட்டம் வந்தது. மீர் மன்னு சீக்கியரோடு வாழ முடியாதவன் அல்ல என்பதற்கு இந்த இடைக்காலமே சாட்சி. வாழ்ந்து பார்த்தான், லாபமும் அடைந்தான். பின்னால் அவன் செய்ததை வேறு வழி தெரியாதவன் செய்த காரியம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாமல் போவது இதனால்தான்.

1751 முடிவில் அப்தாலி மூன்றாவது தடவையாக வந்தான். பதினான்கு லட்சம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது காரணம். லாகூரைச் சுற்றி நான்கு மாதம் முற்றுகை. டில்லி இந்தத் தடவையும் வாளாவிருந்தது. நகருக்குள் மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம் இல்லை. கௌரா மல்லின் பேச்சுக்குக் கட்டுப்பட்டுச் சீக்கியப் படை ஒன்றும் மன்னுவின் பக்கத்தில் நின்று போரிட்டது. மார்ச் முதல் வாரத்தில் வெளியே வந்து போராடியபோது கௌரா மல் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற குண்டு எதிரியுடையது அல்ல, பொறாமை பிடித்த ஆதினா பேக்கின் ஏற்பாடு என்ற பேச்சு அப்போதே இருந்தது. மன்னு சரணடைந்தான். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கேள்வியும் பதிலும் நடந்தது இதற்குப் பிறகுதான். ஏப்ரல் மாதத்தில் டில்லிச் சக்கரவர்த்தி லாகூரையும் முல்தானையும் அப்தாலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

இனிமேல் வருவது வேறு மீர் மன்னு.

மன்னிப்புப் பெற்றவன் மனம் இளகியிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். நாவல் எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்; நானும் எழுதியிருப்பேன். நடந்தது அதற்கு நேர்மாறு. தடுத்துச் சொல்ல இருந்த ஒரே மனிதர் செத்துப்போனார். தலைக்கு மேலே புது எஜமான். அவனுக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். பணம் கிராமங்களிலிருந்து வர வேண்டும். போர் நடந்த நான்கு மாதமும் கிராமங்கள் சீக்கியர்களின் கையில் இருந்தன. அவர்களுடைய குதிரைகள் மலையடிவாரம் வரை ஓடி வசூல் செய்துகொண்டிருந்தன. வெளியே தோற்றவன் உள்ளே ஜயித்துக் காட்ட வேண்டும் என்ற வெறியும் இதோடு சேர்ந்துகொண்டது என்பது என் ஊகம்.

ஜாகீர்கள் ரத்தாயின. சீக்கியரைக் கண்ட இடத்தில் பிடித்து அனுப்ப வேண்டும் என்று கிராமத் தலைவர்களுக்கும் மலை ராஜாக்களுக்கும் உத்தரவு போயிற்று. அடுத்து நடந்ததை மன்னுவின் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். அவன் பெயர் தாமாஸ் கான். துருக்கி எல்லையில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே போர் வீரர்களால் தூக்கிச் செல்லப்பட்டு, கை மாறிக் கை மாறி லாகூர் வந்து மன்னுவின் அடிமைகளில் ஒருவனானவன். பின்னாளில் டில்லியில் அந்தஸ்தும் பட்டமும் பெற்ற பிரமுகனாக உயர்ந்து, 1780-ஐ ஒட்டித் தன் வாழ்க்கை வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதினான். மிஸ்கீன், எளியவன், என்பது அவன் வைத்துக்கொண்ட புனைபெயர். பி. ஸேது மாதவ ராவ் அந்த நூலைச் சுருக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967-இல் வெளியிட்டிருக்கிறார். எஜமானன் மேல் அவனுக்கு விசுவாசம் உண்டு. சீக்கியர் மேல் துளிக்கூட அனுதாபம் கிடையாது. ஆகையால் அவன் சொல்லும் விவரங்கள் எதிரி கட்டிவிட்ட கதை அல்ல.

மன்னு 900 துப்பாக்கிக்காரர்களைப் புதிதாகச் சேர்த்தான். ஜிஸைல் என்ற நீண்ட குழல் துப்பாக்கி அவர்கள் ஆயுதம். சீக்கியரைத் துரத்துவதே அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை. ஒரே நாளில் வெகுதூரம் துரத்திப் போய், எதிர்த்து நின்ற இடத்தில் கொன்றார்கள். சீக்கியன் தலையைக் கொண்டுவருகிறவனுக்குத் தலை ஒன்றுக்குப் பத்து ரூபாய். சீக்கியனுடைய குதிரை பிடிபட்டால் அது பிடித்தவனுக்கே சொந்தம். சண்டையில் தன் குதிரையை இழந்தவனுக்கு சர்க்கார் லாயத்திலிருந்து வேறு குதிரை கொடுக்கப்படும்.

இந்த மூன்று விதிகளையும் இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். இதில் கோபம் இல்லை. மதம்கூட இல்லை. நல்ல குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய சம்பளத் திட்டம் மாதிரி இருக்கிறது. நஷ்டத்துக்கு ஈடு, உழைப்புக்குக் கூலி, ஊக்கத்துக்குக் குதிரை. கொண்டுவரப்பட்ட தலை கொள்ளைக்காரனுடையதா, ஏர் உழுதவனுடையதா என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. நீண்ட முடியும் தாடியும் இருந்தால் போதும். குரு கோவிந்த சிங் தம்முடையவர்கள் எந்தக் கூட்டத்திலும் மறைந்து நிற்கக் கூடாது என்று கொடுத்த அடையாளம், அந்த நாளில் கஜானாவில் காட்டிப் பணம் வாங்குகிற ரசீதாகிவிட்டது.

உயிரோடு பிடிபட்டவர்களை லாகூரில் குதிரைச் சந்தை கூடும் நகாஸ் மைதானத்துக்குக் கொண்டுவந்து வெட்டினார்கள். தலைகளைக் கிணறுகளில் போட்டு மூடினார்கள். பின்னால் அந்த இடத்துக்கு ஷஹீத்கஞ்ச், தியாகிகளின் இடம், என்று பெயர் ஏற்பட்டது.

ஆண்கள் காட்டில் இருந்தார்கள். பிடிக்கக் கிடைத்தவர்கள் ஊரில் இருந்த பெண்களும் குழந்தைகளும். மன்னுவின் ஆட்கள் அவர்களை ஊர் ஊராகத் திரட்டி லாகூருக்கு ஓட்டிவந்து அடைத்தார்கள் என்றும், ஒவ்வொருத்திக்கும் ஒன்றேகால் மணங்கு தானியம் கொடுத்துத் திரிகையில் மாவரைக்கச் சொன்னார்கள் என்றும், ஆகாரத்துக்கு நாளெல்லாம் ஒரு ரொட்டித் துண்டு என்றும் சீக்கியர்கள் சொல்கிறார்கள். மதம் மாறச் சம்மதித்தால் விடுதலை. சம்மதிக்காதவர்களின் குழந்தைகளை அவர்கள் கண்ணெதிரே கொன்றார்கள். துண்டித்த உறுப்புகளை மாலையாகத் தாயின் கழுத்தில் போட்டார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உலகத்தில் எந்த மூலையில் குருத்வாரா இருந்தாலும், நாள்தோறும் கூட்டுப் பிரார்த்தனையின்போது இந்தத் தாய்மார்கள் நினைக்கப்படுகிறார்கள். அரசர்களுக்குக் கல்வெட்டும், அடிமையாயிருந்தவனுக்குக்கூட ஒரு புத்தகமும் இருக்கிறது. திரிகை சுற்றிய பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அந்தப் பிரார்த்தனையில் வருவதில்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு வாக்கியமாக மிஞ்சியிருக்கிறார்கள்.

இந்த நாளில்தான் பஞ்சாபிக் குடியானவன் பாஷையில் ஒரு சொலவடை பிறந்தது. அதில் மன்னு அரிவாள். சீக்கியர்கள் வயலில் தானாக முளைக்கும் கீரை. மிகுதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கடலையைப் பாதாம் என்று சொன்ன அதே வாய் சொன்னது.

அந்தச் சொலவடையில் இருந்த உண்மையை மன்னுவைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் ஆதினா பேக். 1753-இல் ஹோலிப் பண்டிகை சமயத்தில் ஆனந்தபூர் பக்கத்தில் கூடியிருந்த சீக்கிய யாத்திரிகர்கள் மேல் பாய்ந்து பலரைக் கொன்றான். லாகூருக்கு அந்தச் செய்தி போயிற்று. நல்ல பெயரும் கிடைத்தது. அந்தச் சூட்டோடு சீக்கியத் தலைவர்களுடன் ரகசியமாக உடன்பாடு பேசி முடித்தான். சீக்கியர்கள் அடியோடு ஒழிந்துவிட்டால் சுபேதாருக்கு ஆதினா பேக் எதற்கு? நோய் தீராமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியன் அவன். அந்த நூற்றாண்டுப் பஞ்சாபில் படுக்கையில் கிடந்து சாகும் பாக்கியம் பெற்ற ஒரு சில பெரிய மனிதர்களில் அவனும் ஒருவன்.

மன்னுவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1753 நவம்பர் ஆரம்பத்தில், லாகூருக்கு வெளியே முகாம் போட்டிருந்தபோது இறந்தான். கரும்புத் தோட்டத்தில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் போனான், உள்ளேயிருந்து வெடி கிளம்பியது, குதிரை மிரண்டது, கால் அங்கவடியில் சிக்கி இழுபட்டுச் செத்தான் என்பது சீக்கியர் தரப்பு. சாப்பாட்டுக்குப் பின் திடீரென்று உடம்பு கெட்டு மாண்டான், விஷம்தான் என்பது வீட்டார் தரப்புச் சந்தேகம். அவனிடம் மிகுந்த செல்வாக்கோடு இருந்த பிகாரி கான் பேரிலும் பின்னால் கண் விழுந்தது. அதே 1753-இல் லாகூரில் பொன் பூசிய கும்மட்டங்களோடு அழகான மசூதி ஒன்றைக் கட்டியவன் இந்தப் பிகாரி கான். மன்னுவின் விதவை முகலானி பேகம் அவனைத் தன் பணிப்பெண்களைக் கொண்டு அடித்தே கொல்லச் செய்தாள் என்று லாகூர் சரித்திரம் சொல்கிறது. மசூதி இன்னும் இருக்கிறது.

சாவு எப்படி நேர்ந்திருந்தாலும், அதற்குப் பின் நடந்ததில் சந்தேகம் இல்லை. சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி இருந்தது. பாக்கி தீரும்வரை பிணத்தைப் புதைக்க விடமாட்டோம் என்று அவர்கள் சுபேதாரின் உடலைச் சூழ்ந்து நின்றுகொண்டார்கள். தலைக்கு ரூபாய் என்று கணக்குக் கற்றுக்கொடுத்தவனுடைய உடல், கணக்குத் தீருகிற வரையில் கிடந்தது. பேகம் பணத்தைக் கொடுத்து மீட்டாள். இந்தக் குழப்பத்தில் சீக்கியர்கள் இரவோடு இரவாக நகருக்குள் பாய்ந்து, அடைபட்டிருந்த பெண்களைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது அவர்கள் மரபில் வரும் செய்தி.

இரண்டு வயதுப் பிள்ளையைச் சுபேதார் என்று உட்கார வைத்துப் பேகம் ஆள முயன்றாள். பிள்ளை மறு வருஷமே இறந்தது. சுபா பல கைகள் மாறியது. கிராமங்களிலோ, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தால் மற்றக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பதாகச் சீக்கியர்கள் குடியானவர்களோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காவல் என்று அர்த்தம் வரும் ராக்கி என்பது அதன் பெயர். சுபேதாருக்கு முழு வரியும் கொடுத்து அப்தாலியிடமும் கொள்ளை போவதைவிட இது குடியானவனுக்கு மலிவாக இருந்தது. மன்னுவின் 900 துப்பாக்கிகளால் முடியாத காரியத்தை இந்த ஐந்தில் ஒரு பங்கு முடித்தது. அப்தாலி திரும்பத் திரும்ப வந்தான். 1762-இல் முன்னதையெல்லாம் மிஞ்சிய பெரிய படுகொலை ஒன்றையும் செய்தான். அவன் போனதும் அவர்கள் வயல்களுக்குத் திரும்பி வந்தார்கள்.

1765-ஆம் வருஷ வசந்தத்தில் லஹனா சிங், குஜ்ஜர் சிங், சோபா சிங் என்ற மூன்று தலைவர்கள் லாகூருக்குள் நுழைந்தார்கள். மன்னு செத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை. திரிகை சுற்றிய பெண்களில் பலர் அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும். நுழைந்தவர்கள் முதல் வேலையாகக் கொள்ளையைத்தான் தொடங்கினார்கள். நகரத்துப் பெரியவர்கள், ஹிந்துக்களும் முஸ்லிம்களுமாகச் சேர்ந்து, அவர்களிடம் வந்து நின்றார்கள். நகாஸ் மைதானத்தைப் பற்றி அந்தப் பெரியவர்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்த ஊர்ச் சூனா மண்டித் தெருவில்தான் குரு ராமதாசர் பிறந்தார், இது உங்கள் குருவின் வீடு என்று மட்டும் சொன்னார்கள். மண்கோட்டைக்குப் பெயர் கொடுத்த அதே ராமதாசர். தலைவர்கள் யோசித்தார்கள். கொள்ளையை நிறுத்தும்படி உத்தரவு போயிற்று. பிறகு மூன்று பேரும் நகரத்தை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு, அவரவர் பங்கில் காவல் வைத்தார்கள்.